நிறத்துக்குத் துணைபோகும் அயனி

மின்சாரத்தால் நிறம் மாறும் கரிமப் பொருள்களைப் பற்றிய பேச்சில் புகழெல்லாம் நிறப்பொருளுக்கே போய்ச் சேருகிறது. ஆனால் அந்த நிறம் உரிய நேரத்தில் வருவதும், ஒரே சீராகப் படிவதும், வந்தபடியே விலகுவதும், ஆண்டுக்கணக்கில் அப்படியே நடந்துவருவதும் உப்பில் ஒளிந்திருக்கும் அயனியின் கையில் இருக்கின்றன.

போயிங் 787 விமானத்தில் பயணம் செய்தவர்கள், அதன் ஜன்னல்களில் கீழே இழுத்துவிடும் மறைப்புத் தட்டி இல்லாததைக் கவனித்திருப்பார்கள். ஜன்னலுக்கு அடியில் ஒரு பொத்தான் மட்டுமே இருக்கிறது. அதை அழுத்தினால், அதுவரை கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்த வானம் மெல்ல மெல்ல நீலம் பாய்ந்து இருண்டுபோகிறது. மறுபடி அழுத்தினால், அதே நிதானத்தோடு வெளிச்சம் திரும்பி வருகிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி பட்டவுடன் தானாகவே மங்கிக்கொண்டு ஓட்டுநரின் கண்ணைக் காப்பாற்றும் காரின் பின்பார்வைக் கண்ணாடியும் இந்த ஜன்னலுக்கு நெருங்கிய உறவுதான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூரான ஜீலண்டில் இயங்கும் ஜென்டெக்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இரண்டுக்கும் அடிப்படை. ஒன்றிரண்டு வோல்ட் மின்னழுத்தத்துக்கு இசைந்து நிறம் மாறும் கரிமச் சேர்மங்கள் இரண்டுக்கும் உயிர்நாடி.

இந்த விந்தை நம் காலத்தில் தோன்றியது அன்று. 1862-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஹென்றி லெதபி என்ற இரசாயன அறிஞர், அனிலீன் சல்பேட்டுக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, பிளாட்டினத் தகட்டின்மேல் நீலமும் பச்சையுமாக ஒரு படிவை உண்டாக்கினார். பாலி அனிலீன் என்று இன்று பாடப் புத்தகங்களில் இடம்பெறும் பொருள் அதுவே. 1969-ல் எஸ். கே. தேப் அமெரிக்காவில் டங்ஸ்டன் ஆக்ஸைடுப் படலத்தை நீலமாக்கிக் காட்டியது முதல், வெறும் வேடிக்கையாக இருந்த விஷயம் கருவி செய்யும் கலையாக வளர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை புதிய புதிய நிறப்பொருள்களை உண்டாக்குவதில் இரசாயனிகள் காட்டிய சாமர்த்தியத்துக்கு எல்லையே இல்லை. எனினும், ஒரே நிறப்பொருளை இரண்டு வேறு உப்புகளில் இட்டுப் பார்த்தால், ஒன்றில் அது சமர்த்தாகவும் மற்றொன்றில் சண்டித்தனமாகவும் நடந்துகொள்வதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். நிறப்பொருளின் சுபாவத்தில் பாதி அதன் துணையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கணக்கைச் சரிக்கட்ட வருவது

நிறம் எப்படி மாறுகிறது என்பதை ஒரு பொருளை வைத்தே பார்ப்போம். 'பெடாட்' என்று சுருக்கமாக வழங்கும் பாலிமர், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் 1980-களின் பிற்பகுதியில் பிறந்தது. மின்னேற்றம் எதுவும் இல்லாத நிலையில் அது 600 நானோமீட்டரை ஒட்டிய செம்மஞ்சள் ஒளியை விழுங்கிக்கொள்வதால் கருநீலமாகத் தோன்றுகிறது. மின்முனையின் வழியாக அதிலிருந்து எலக்ட்ரான்களைக் கவர்ந்துவிட்டால், அது விழுங்கும் ஒளி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துபோக, படலம் வெளிறிய வான நீலமாகத் தெளிந்துவிடுகிறது. நிறத்தைப் பொறுத்தவரை கதை இவ்வளவுதான். வந்ததும் போனதும் எலக்ட்ரான்.

ஆனால் மின்னேற்றத்தின் கணக்கு அவ்வளவில் முடிவதில்லை. இந்த வகைப் பாலிமர்களில், முழுவதும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த நிலையில், ஏறக்குறைய மூன்று நான்கு வளையங்களுக்கு ஒரு நேர்மின்னேற்றம் வீதம் தங்கிவிடுகிறது. அத்தனை நேர்மின்னேற்றங்களும் ஈடு இல்லாமல் ஒரே இடத்தில் நெருங்கியிருப்பதை இயற்கை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. ஆகையால் வெளியேறிய ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஈடாக, பக்கத்தில் உள்ள மின்பகுளியிலிருந்து ஓர் எதிர்மின் அயனி படலத்துக்குள் புகவேண்டும், அல்லது முன்பே உள்ளே இருந்த நேர்மின் அயனி ஒன்று வெளியேறவேண்டும். எலக்ட்ரான் இமைப்பொழுதில் வந்து போகக்கூடியது. அயனியோ, சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள பாலிமர்ப் பின்னலின் இண்டு இடுக்குகளில் நுழைந்து நுழைந்து நகரவேண்டியது. நிறம் மாறும் வேகத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இந்த மெதுவான பயணமே. படலத்தின் தடிமன் இரட்டித்தால் பயண நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடுகிறது என்பதால், கருமையான நிறம் வேண்டுமென்று படலத்தைத் தடித்துப் பூசுகிறவர்கள் அதற்குரிய விலையை வேகத்தில் கொடுத்துத் தீரவேண்டியிருக்கிறது.

மின்கடத்தும் பாலிமர்களின் வரலாற்றில் ஆதி அதிசயமாகச் சொல்லப்படுவதும் உண்மையில் இத்தகைய ஒரு புகுதலே. 1977-ல் ஆலன் ஹீகர், ஆலன் மெக்டயர்மிட், ஹிடெக்கி ஷிரகாவா ஆகியோர் பாலி அசிட்டிலீன் படலத்துக்கு அயோடின் ஆவியைக் காட்டியபோது, அயோடின் எலக்ட்ரான்களைக் கவர்ந்துகொண்டதோடு நில்லாமல், தானே எதிர்மின் அயனியாக மாறிப் படலத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதன் பலனாகப் பாலிமர் உலோகத்தை நெருங்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தியது; மூவருக்கும் 2000-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசும் கிட்டியது.

ஒரே மூலக்கூறு, இரண்டு வாழ்க்கை

அயனியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க, வயலோஜன் என்ற குடும்பத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. இரண்டு பிரிடின் வளையங்கள் முதுகோடு முதுகாக இணைந்து, ஒவ்வொன்றின் நைட்ரஜனிலும் ஒரு கரிமச் சங்கிலி தொங்கும் இந்த மூலக்கூறு, இரண்டு நேர்மின்னேற்றங்களோடு நிற்கும்போது நிறமற்றது. ஓர் எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்டவுடன் அடர்ந்த நீலமாகவோ ஊதாவாகவோ மாறுகிறது. களைக்கொல்லியாகப் பெயர்பெற்ற பாராக்குவாட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்; இலையின் ஒளிச்சேர்க்கைப் பாதையில் ஓடும் எலக்ட்ரானை இடையில் பறித்துக்கொள்ளும் அதே பசியே அதைக் கொடிய நஞ்சாகவும் ஆக்குகிறது.

1973-ல் நெதர்லாந்தின் எயிந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், எண்களைக் காட்டும் ஒரு பலகைக்கு வயலோஜனைப் பயன்படுத்த முனைந்தார்கள். எண்ணின் வடிவம் மின்முனையின்மேல் அசையாமல் நிற்கவேண்டும். உண்டான நிறம் கரைசலில் கலந்து பரவிவிட்டால் 8-க்கும் 3-க்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏழு கார்பன் நீளமுள்ள சங்கிலியைத் தாங்கிய ஹெப்டைல் வயலோஜன். அதற்குத் துணையாக நிறுத்தியது புரோமைடு அயனி. எலக்ட்ரானைப் பெற்ற வயலோஜன் புரோமைடோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாகி, மின்முனையின்மேல் ஊதாப் படலமாகப் படிந்தது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் எண் அழியாமல் நின்றது. மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் படலம் கரைந்து மறைந்தது. எலக்ட்ரானைப் பெற்ற வயலோஜன் படியுமா கரையுமா என்பதைச் சங்கிலியின் நீளமும், துணை நிற்கும் எதிர்மின் அயனியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது இதனால் துலங்கியது. ஆனால் படிந்த படலம் நாளாவட்டத்தில் தன்னைத்தானே இறுக்கிப் படிகமாகிக்கொண்டு, அழிக்க முயன்றாலும் அழியாமல் திட்டுத்திட்டாய் ஒட்டிக்கொண்டது. இதற்குள் திரவப் படிகப் பலகைகள் முந்திக்கொண்டுவிட, அந்தக் காட்சிப் பலகை சந்தையை எட்டவில்லை.

காரின் பின்பார்வைக் கண்ணாடிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம். பின்னால் வந்த வண்டி கடந்துபோனவுடன், யாரும் அழிக்காமலே கண்ணாடி தெளிந்துவிடவேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் இருளில் தங்கிவிடாமல் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடவேண்டும். ஆகவே ஜென்டெக்ஸ் நிறுவனத்தின் ஹார்லன் பைக்கர் வகுத்த முறையில், வயலோஜன் டெட்ராபுளூரோபோரேட் அயனியோடு உப்பாகி, புரோப்பிலீன் கார்பனேட் என்ற கரைப்பானில் கரைந்தே இருக்கிறது. ஒரு மின்முனையில் வயலோஜன் நிறம் பெறும்போது, எதிரேயுள்ள மற்ற மின்முனையில் பினசின் வகைச் சேர்மம் ஒன்று எலக்ட்ரானை இழந்து தானும் நிறம் கொள்கிறது. இரண்டும் கரைசலின் நடுவே சந்தித்தவுடன், பெற்றது கொடுத்து, இழந்தது வாங்கி, இரண்டுமே பழைய நிலையை அடைந்துவிடுகின்றன. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை இருள், நின்றவுடன் தெளிவு. ஒரே குடும்பத்து மூலக்கூறு, புரோமைடோடு நீரில் நின்றபோது எழுதியதை அழியாமல் காக்கும் பலகையாயிற்று. டெட்ராபுளூரோபோரேட்டோடு கரிமக் கரைப்பானில் நின்றபோது தானே மறதி கொள்ளும் கண்ணாடியாயிற்று.

வருவது யார், போவது யார்?

கரைசலில் உலவும் மூலக்கூறுகளை விட்டு, மின்முனையின்மேல் பூசிய பாலிமர்ப் படலங்களுக்கு வருவோமானால், அயனியின் விளையாட்டு இன்னும் சூட்சுமமாகிறது. பாலி பிர்ரோல் என்ற பாலிமர் எலக்ட்ரான்களைப் பெற்ற நிலையில் மஞ்சளாகவும், இழந்த நிலையில் கருநீல ஊதாவாகவும் இருக்கும். இதைப் பெர்குளோரேட்டு உப்புக் கரைசலில் வளர்த்தால், நிறம் மாறும்போதெல்லாம் பெர்குளோரேட்டு அயனி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கிறது. சலவைத்தூளில் அழுக்கைப் பிரித்தெடுக்கும் நீண்ட வாலுள்ள டோடெசில் பென்சீன் சல்போனேட்டு அயனியோடு வளர்த்தாலோ, அந்தப் பேருருவம் பாலிமர்ப் பின்னலில் சிக்கிக்கொண்டு அசையவே முடியாமல் நின்றுவிடுகிறது. அப்போது கணக்கைச் சரிக்கட்டும் பொறுப்பு வெளியிலுள்ள சோடியம் போன்ற நேர்மின் அயனிகளின் தலையில் விழுகிறது. பார்வைக்கு இரண்டு படலங்களும் ஒன்றுபோலவே நிறம் மாறுகின்றன. உள்ளே போக்குவரத்தின் திசையோ முற்றிலும் தலைகீழ்.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் போக்குவரத்தை எடைபோட்டுக் கண்டுபிடிக்கும் யுக்தி ஒன்று உண்டு. விநாடிக்கு 50 லட்சம் முறை அதிரும் மெல்லிய குவார்ட்ஸ் வில்லை ஒன்றின்மேல் தங்க மின்முனையைப் பூசி, அதன்மேல் பாலிமரை வளர்க்கிறார்கள். வில்லையின்மேல் ஏறும் எடைக்குத் தக்கவாறு அதன் அதிர்வு குறைகிறது என்ற விதியை ஜெர்மானியரான ஸாவர்பிரே 1959-ல் வகுத்தார். அதன்படி ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் ஏறினாலே, விநாடிக்கு ஓர் அதிர்வு குறைந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. பெர்குளோரேட்டோடு வளர்ந்த படலத்தைக் கருநீலமாக்கும்போது வில்லையின் அதிர்வு குறைகிறது. எடை கூடியிருக்கிறது, ஆகவே எதிர்மின் அயனி உள்ளே வந்திருக்கிறது. சலவைத்தூள் அயனியோடு வளர்ந்த படலத்தைக் கருநீலமாக்கும்போதோ அதிர்வு கூடுகிறது. எடை இறங்கியிருக்கிறது, ஆகவே சோடியம் வெளியேறியிருக்கிறது. அதோடும் நின்றுவிடுவதில்லை. 96,485 கூலூம் மின்னேற்றத்துக்கு 23 கிராம் சோடியம் என்பதே கணக்கு. அதற்கு மேல் எடை குறைந்தால், சோடியம் தன்னோடு நீரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள்.

அந்த நீர்தான் பிற்காலத்து விபரீதங்களுக்கு வித்து. சலவைத்தூள் அயனியைத் தாங்கிய பாலி பிர்ரோல் படலம், சோடியமும் நீரும் உள்ளே புகும்போது தடிமனில் 30 சதவீதத்துக்கும் மேல் ஊதிப்போவதை அளந்திருக்கிறார்கள். செயற்கைத் தசை செய்ய விரும்புகிறவருக்கு இது பாக்கியம். ஜன்னல் செய்ய விரும்புகிறவருக்கு இது சாபம். ஒவ்வொரு நிறமாற்றத்திலும் ஊதுவதும் ஒடுங்குவதுமாக இருக்கும் படலம், ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பின், அடியிலுள்ள கண்ணாடியை விட்டுச் செதில்செதிலாகப் பெயர்ந்துவரும் அபாயம் இருக்கிறது.

உடல் சிறிது, பரிவாரம் பெரிது

அப்படியானால் மிகச் சிறிய அயனியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். ஒற்றை நேர்மின்னேற்றமுள்ள உலோக அயனிகளில் லித்தியத்தைவிடச் சிறியது கிடையாது. அதன் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்தின் ஆரமோ 1.38 ஆங்ஸ்ட்ராம். ஆனால் நீரில் இறங்கியவுடன் நிலைமை தலைகீழாகிறது. சிறிய உடலில் மின்னேற்றம் செறிந்திருப்பதால் லித்தியம் நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதன் ஆரம் 3.8 ஆங்ஸ்ட்ராம் வரை பெருத்து, 3.3 ஆங்ஸ்ட்ராமோடு நிற்கும் பொட்டாசியத்தை மிஞ்சிவிடுகிறது. மாப்பிள்ளை என்னவோ ஒல்லிதான். குடையும் மேளமும் உறவுக்கூட்டமுமாக வரும் ஊர்வலம்தான் வாசலில் நுழைய மாட்டேன் என்கிறது.

இந்த உண்மையைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது கரிமப் பொருளன்று. பெர்லின் நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பிரஷ்ய நீலம். 1978-ல் வெர்னன் நெஃப் அதை மின்முனையின்மேல் மெல்லிய படலமாக்கி, மின்சாரத்தால் நிறமிழக்கச் செய்து காட்டினார். அதைத் தொடர்ந்து ஜப்பானின் கிங்கோ இத்தாயாவும் குழுவினரும் நடத்திய சோதனைகளில், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், அம்மோனியம் ஆகிய அயனிகள் அதன் படிகக் கூட்டுக்குள் தடையின்றிப் போய்வந்தன; சோடியமும் லித்தியமும் வாசலிலேயே தடுமாறின. ஆனால் நீரை அகற்றிக் கரிமக் கரைப்பானை வைத்தால், அதே லித்தியம் உள்ளே புகக்கூடியதாகிவிடுகிறது. அயனியின் அளவைத் தனியே பேசுவதில் பயனில்லை. எந்தக் கரைப்பானில் நிற்கும் அயனி என்று சேர்த்தே பேசவேண்டும்.

நீரை விரும்பாத கரிமப் பாலிமர்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். எண்ணெய்ப் பசை பொருந்திய சங்கிலிகளைக் கொண்ட பாலி ஹெக்ஸைல் தயோபீன் என்ற சிவந்த படலத்தைச் சாதாரணப் பொட்டாசியம் குளோரைடுக் கரைசலில் வைத்து எலக்ட்ரான்களைப் பிடுங்க முயன்றால், குளோரைடு நீரைவிட்டுப் பிரிய மனமில்லாமல் வெளியிலேயே தயங்குகிறது. அதைவிடப் பருத்ததாயினும், நீரைத் தளர்ச்சியாகவே பற்றியிருக்கும் ஹெக்ஸாபுளூரோபாஸ்பேட்டு அயனியை வைத்தால், குறைந்த மின்னழுத்தத்திலேயே உள்ளே புகுந்துவிடுகிறது. பெரியது எளிதில் நுழைய, சிறியது வெளியே நிற்பது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் 1888-லேயே பிராக் நகரத்தில் பிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர், எந்த உப்பு முட்டைப் புரதத்தை எவ்வளவு வலிமையாகக் கரைசலிலிருந்து பிரிக்கிறது என்று சோதித்து, அயனிகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அயனிக்கும் நீருக்கும் உள்ள பற்றின் தராதரத்தை உணர்த்தும் அந்த வரிசை, அவர் கனவிலும் எண்ணியிராத நிறமாற்றக் கருவிகளுக்கும் இன்று வழிகாட்டியாக நிற்கிறது.

ஆயுளும் அபாயமும்

எளிதில் நுழைவது மாத்திரம் போதாது. நுழைந்த இடத்தில் கெடுதல் செய்யாமலும் இருக்கவேண்டும். குளோரைடு, புரோமைடு போன்றவை உயர்ந்த மின்னழுத்தத்தில் தாமே எலக்ட்ரானை இழந்து பாலிமரைத் தாக்கக்கூடியவை. பெர்குளோரேட்டு ஆய்வுக்கூடத்தில் நம்பகமான தோழன். ஆனால் கரிமப் பொருள்களோடு சேர்ந்து வெடிக்கக்கூடிய அதன் குணத்தை நினைத்தால், வீட்டு ஜன்னலில் அதைக் குடிவைக்க யாருக்கும் மனம் துணியாது. லித்தியம் ஹெக்ஸாபுளூரோபாஸ்பேட்டில் இம்மியளவு ஈரம் சேர்ந்தாலும் ஹைட்ரஜன் புளூரைடு தோன்றிக் கண்ணாடியையும், அதன்மேல் பூசிய இண்டியம் வெள்ளீய ஆக்ஸைடுப் படலத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும். ஈரத்துக்கு அஞ்சாத இமைடு வகை அயனிகள் இருக்கின்றன; அவற்றின் விலைதான் அஞ்ச வைக்கிறது. பாலி அனிலீனுக்கோ புரோட்டான் இல்லாமல் எதுவும் ஓடாது. அமிலத்தன்மை குறைந்து கரைசல் நடுநிலையை நெருங்கினால், அதன் பச்சையும் நீலமும் செயலற்று உறங்கிவிடுகின்றன.

கரைப்பானே இல்லாமல், உப்பையே திரவமாக வைத்துக்கொள்வது இந்தச் சிக்கல்களுக்கு ஒரு பரிகாரம். 12 டிகிரி செல்சியஸில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பவுல் வால்டன் 1914-லேயே அறிவித்திருந்தார். எனினும் அயனித் திரவங்கள் என்ற இந்த இனம் நிறமாற்றக் கருவிகளுக்கு வந்துசேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. 2002-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், இமிடசோலியம் வகை அயனித் திரவங்களில் இயங்கிய பாலிமர்கள் 10 லட்சம் சுற்றுகள் வரை பழுதின்றி உழைத்ததாகவும், விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிறம் மாறியதாகவும் தெரிவித்தார்கள். ஆவியாகாமை, தீப்பற்றாமை, நீரின் தொல்லையின்மை என்று இவற்றின் நற்குணங்கள் பல. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பாகுபோன்று தடித்தவை; குளிர் கூடக் கூட அயனியின் நடை தளர்ந்து, கண்ணாடி நிறம் மாறத் தாமதிக்கிறது.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் சிறந்த அயனி என்று ஒன்று இல்லை என்பதுதான் இத்தனை அனுபவத்தின் சாரம். வேகம் வேண்டுகிறவர் ஒன்றைத் தேடுவார். மின்சாரமின்றி நிறம் நிலைத்து நிற்க விரும்புகிறவர் மற்றொன்றைத் தேடுவார். இருபது ஆண்டுகள் வெயிலில் நிற்கும் ஜன்னலுக்கு ஏற்றது, தலையில் மாட்டும் காட்சிக் கண்ணாடிக்கு ஏற்காது. மேலும், ஒரு கருவியில் மின்முனைகள் இரண்டு. ஒன்று விடுவதை மற்றொன்று ஏற்கவேண்டும், ஒன்றுக்கு உகந்த அயனி மற்றொன்றுக்கு விஷமாக இருக்கக்கூடாது. ஆகையால் புதிய நிறமாறி ஒன்று இத்தனை வேகத்தில் மாறுகிறது, இத்தனை ஆயிரம் சுற்றுகள் உழைக்கிறது என்று இனிமேல் ஒரு செய்தி காதில் விழுந்தால், எந்த உப்பில், எந்தக் கரைப்பானில் என்று அடுத்த கேள்வியைக் கேட்பதே விவேகம். அதற்கு விடை வராதவரையில், அறிவிக்கப்பட்ட எண்கள் அந்தப் பொருளின் குணத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கின்றன.